மாஸ்கோவை வெறுத்த மன்னருக்கு மாஸ்கோவில் சிலை!

ரஷ்ய நாட்டின் தலைநகர் மாஸ்கோ. அங்கே ஆற்றங்கரையில் ஒரு பிரம்மாண்டமான சிலை நிற்கிறது. உயரம் 98 மீட்டர். அதாவது 320 அடிக்கும் அதிகம்! கப்பல் மேல் ஒரு மன்னர் நிற்கிறார். அவர்தான் மகா பீட்டர்.

பீட்டர் 1672-ல் மாஸ்கோவில் பிறந்தார். 10 வயதில் பட்டத்துக்கு வந்தார். வாலிப வயதில் ஒரு பழைய படகு அவர் கண்ணில் பட்டது. அதைப் பழுது பார்க்கச் செய்து, ஓட்டிப் பழகினார். அன்று முதல் கப்பல் மீது தீராத ஆசை!

1697-ல் மாறுபெயரில் ஹாலந்து போனார். ஆம்ஸ்டர்டாம் கப்பல் பட்டறையில், கோடரி பிடித்துத் தச்சு வேலை கற்றார். நாடு திரும்பியதும் பிரபுக்களின் தாடியை எடுக்கச் செய்தார்.

கடற்கரைக்காகச் சுவீடனுடன் 21 ஆண்டுகள் போர் நடந்தது. பீட்டர் வென்றார். போருக்கு நடுவே, 1703-ல், நேவா ஆற்றின் சதுப்பு நிலத்தில் புதிய நகரம் கட்டத் தொடங்கினார். அதுதான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். மாஸ்கோவைப் பிடிக்காத மன்னர், 1712-ல் தலைநகரையே அங்கே மாற்றிவிட்டார்.

ஆனால், அந்த நகரைக் கட்டக் கட்டாயமாகப் பிடித்து வரப்பட்ட குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தந்தையின் போக்கைப் பிடிக்காத மகன் அலெக்ஸி சிறையில் வதைக்கப்பட்டு, 1718-ல் இறந்தான். பீட்டர் 1725-ல் காலமானார்.

1918-ல் மாஸ்கோ மீண்டும் தலைநகராயிற்று. ரஷ்யக் கடற்படையின் 300-வது ஆண்டு நினைவாக 1997-ல் இந்தச் சிலை எழுந்தது. நகர மக்கள் பலர் இதை எதிர்த்தார்கள்.

சிலையின் உயரத்தை அளந்துவிடலாம். அந்தக் குடியானவர்கள் சிந்திய கண்ணீரை அளக்க முடியுமா?