தீப்பொறி இன்றி எரிய வைத்தவர்

டிராக்டர், பிக்கப் வண்டி, நீர் இறைக்கும் இன்ஜின் என எதற்கும் 'டீசல்' என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர்.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். மியூனிக்கில் பொறியியல் படித்தபோது, நீராவி இன்ஜின்கள் எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதை அறிந்தார். அதைக் குறைப்பதே அவரது வாழ்நாள் வேலையானது.

காற்றைக் கடுமையாக அழுத்தினால் சூடேறும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றும் என்பது அவர் கணக்கு. 1893-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் நடந்த முதல் சோதனையில், அழுத்தம் தாங்காமல் அளவுக் கருவி வெடித்தது. அவர் விடவில்லை. 1897-ல் எரிபொருள் வெப்பத்தில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிய இன்ஜினை ஓட்டிக் காட்டினார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வகை இன்ஜின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது.

புகழ் வந்தது, கடனும் சூழ்ந்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலில் இருந்து அவர் மறைந்தார். பின்னர் கடலில் உடல் கிடைத்தது.

அவர் போராடிப் பெற்ற அந்த அழுத்தத்தை நாம் தூசியிடம் இழக்கிறோம். ஏர் ஃபில்டர் பழுதானால் உள்ளே போகும் மண் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தேய்க்கும். அழுத்தம் குறையும், காலையில் இன்ஜின் எளிதில் கிளம்பாது. அப்போது இழுவை போதவில்லை என்று பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினால் கரும்புகையும் செலவும்தான் கூடும். முதலில் ஃபில்டரைப் பாருங்கள். அடுத்து கம்ப்ரஷனைச் சோதியுங்கள்.