வால்ட் டிஸ்னி

சித்திரத்தில் எழுதிய உருவம் காண்போரைச் சிரிக்கச் செய்தல் எளிது. மூக்கைச் சற்றே நீட்டி வரைந்தாலும் போதும். அவ்வுருவத்தின் துயர் கண்டு காண்போர் கண்ணீர் சிந்துமாறு செய்தல் இயலுமா? இயலாது என்றே அமெரிக்கத் திரையுலகினர் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் வால்ட் டிஸ்னி.

இவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தையார் எலியாஸ் தொழில் பல செய்தும் எதிலும் நிலைக்காதவர். மார்சலீன் என்னும் சிற்றூரில் குடும்பத்தார் சில ஆண்டுகள் உழவு செய்து வாழ்ந்தனர். அங்குள்ள விலங்குகளையும் பறவைகளையும் நோக்கி நோக்கி வரையப் பழகினார் வால்ட். பின்னர்க் கான்சஸ் நகரில் தந்தையார் செய்தித்தாள் வழங்கும் தொழிலை மேற்கொண்டார். வால்ட்டும் தமையனார் ராயும் விடியுமுன் எழுந்து, கொட்டும் பனியிலும் வீடுதோறும் தாள்களைக் கொண்டு சேர்த்தனர்.

1917ஆம் ஆண்டில், அந்நகரில் செய்தித்தாள் வழங்கும் சிறுவர்க்கெனப் பெருமண்டபம் ஒன்றில் இலவசமாகப் படம் காட்டினர். ஸ்நோ ஒயிட் என்னும் இளவரசியின் கதையைக் கூறும் பேசாப்படம் அது. அழகில் தன்னை வென்றாள் என்று பொறாமை கொண்ட சிற்றன்னை அவளைக் கொல்லத் துணிகிறாள். இளவரசி காட்டிற்கு ஓடி ஏழு குள்ளர்களிடம் அடைக்கலம் புகுகிறாள். நச்சுக்கனியால் வீழ்ந்து, மீண்டும் விழிக்கிறாள். பதினைந்து வயது வால்ட்டின் நெஞ்சில் அக்கதை ஆழப் பதிந்தது.

இளமையில் கான்சஸ் நகரில் அவர் தொடங்கிய சித்திரப்பட நிலையம் 1923இல் நொடித்துப்போயிற்று. ஹாலிவுட் சென்று ராயுடன் கூடி மீண்டும் தொழில் தொடங்கினார். அவர் வளர்த்த ஆஸ்வால்டு என்னும் முயலின் உரிமை 1928இல் பிறர் கைக்குப் போயிற்று. ஓவியர் பெரும்பாலோரும் உடன் சென்றனர். அவ்வாண்டிலேயே மிக்கி என்னும் எலி, ஒலியோடு இயைந்த படத்தில் தோன்றி உலகைக் கவர்ந்தது. ஆயினும், சில நிமிடமே ஓடும் துண்டுப்படங்களுக்குச் செலவு பெருகியது, வருவாயோ பெருகவில்லை.

1934ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, டிஸ்னி தம் ஓவியர்களை ஒருங்கே அமர்த்தி ஸ்நோ ஒயிட் கதையைக் கூறினார். வெறுமனே கூறவில்லை, அரசியாகவும் குள்ளர்களாகவும் தாமே மாறி மாறி நடித்துக் காட்டினார். முழுநீளப் படமாக இதனை எடுப்போம் என்றார். முதலில் மதிப்பிட்ட செலவு 2½ இலட்சம் டாலர். முடிவில் ஆனதோ ஏறத்தாழ 15 இலட்சம். ராய் கவலையுற்றார். ஹாலிவுட்டார் இதனை டிஸ்னியின் பேதைமை என்று எள்ளினர். வால்ட் தம் வீட்டையும் ஈடு வைத்தார். பணம் போதாமற்போகவே, முற்றுப்பெறாத படத்தை வங்கி அதிகாரிக்குக் காட்டி, இல்லாத பகுதிகளை வாயால் விளக்கிக் கடன் பெற்றார்.

ஒரு நொடிக்கு 24 படம் வீதம் 83 நிமிடம் ஓடும் கதை அது. மனித உடலின் அசைவை வரைய, ஓவியர்கள் மாணவர்களைப்போல் மீண்டும் பயின்றனர். நடனம் கற்ற இளம்பெண் ஒருத்தியை நடிக்கச் செய்து, அவள் நடையையும் ஆடையின் அலைவையும் உற்று நோக்கினர். காட்டின் ஆழத்தைக் காட்ட, மரங்களையும் மலைகளையும் தனித்தனிக் கண்ணாடித் தகடுகளில் தீட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளியிட்டு அடுக்கி, மேலிருந்து படமெடுத்தனர். குள்ளர்கள் கஞ்சி குடிக்கும் வேடிக்கைக் காட்சியை வரைந்து முடித்த பின்னரும், கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று டிஸ்னி நீக்கிவிட்டார். வரைந்தவர்க்கு அது எத்துணை வருத்தமாயிருந்திருக்கும்!

கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட கதையில் குள்ளர்களுக்குப் பெயரே இல்லை. டிஸ்னி எழுவர்க்கும் பெயரும் குணமும் தந்தார். ஒருவன் சிடுமூஞ்சி, ஒருவன் நாணம் மிக்கவன், ஒருவன் ஓயாமல் தும்முபவன். படத்தின் உயிர் இவர்களிடத்தேதான் இருக்கிறது. இளவரசனோ மரப்பாவைபோல் வந்து போகிறான். அவனை வரைதல் ஓவியர்க்குக் கடினமாயிருந்ததால் அவன் பங்கையே சுருக்கிவிட்டனர்.

1937ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படம் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. எள்ளிய திரையுலகினர் பலரும் வந்திருந்தனர். வேடிக்கைகளைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தனர். பின்னர், உயிரற்றவள்போல் கிடக்கும் இளவரசியைச் சூழ்ந்து குள்ளர்கள் நிற்கும் காட்சி வந்தது. அதில் அசைவு மிகக் குறைவு, ஆரவாரம் இல்லை. அவளை வீட்டில் சேர்க்கலாகாது என்று வாதாடிய சிடுமூஞ்சியே முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்முகிறான். அரங்கில் இருந்தோரும் அழுதனர்.

உலகெங்கும் முதல் வெளியீட்டிலேயே படம் ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் ஈட்டியது. 1939இல் டிஸ்னிக்குச் சிறப்பு ஆஸ்கார் பரிசாக ஒரு பெரிய சிலையும் ஏழு சிறு சிலைகளும் வழங்கப்பெற்றன. வழங்கியவள் சிறுமி ஷர்லி டெம்பிள். ஆனால், ஆயிரமாயிரம் தகடுகளில் கோடிட்டு வண்ணம் தீட்டிய பெண்களின் பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை. ஊதியம் பற்றியும் பெயர் பற்றியும் எழுந்த மனக்குறையால் 1941இல் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். டிஸ்னியின் புகழ்வாழ்வில் இதுவும் ஒரு பகுதியே.

1944 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை படம் மீண்டும் மீண்டும் கொட்டகைகளுக்கு வந்தது. 1966ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் டிஸ்னி மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே படம் மறுபடியும் வெளியாயிற்று. சிறு வயதில் அதனைக் கண்டவர்கள் அதற்குள் பெற்றோராகியிருந்தனர். இப்போது அவர்களுடைய மக்கள் திரையின்முன் அமர்ந்து, அக்குள்ளர்களோடு சேர்ந்து அழுதனர்.