பயத்தைக் கேள்வி கேட்ட பதினாறு வயசுப் பையன்

பதினாறு வயசுல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? பத்தாவது ரிசல்ட், பதினொண்ணாவதுல எந்த குரூப், இதுதான் ஓடிட்டு இருந்திருக்கும். 1896-ல் மதுரையில் வேங்கடராமன் என்று ஒரு பையன் இருந்தான். படிப்பில் பெரிய ஆர்வம் கிடையாது. ஃபுட்பால், மல்யுத்தம், நீச்சல் என்றால் உயிர். தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு போய் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டான். அந்தப் பையனைத்தான் இன்று உலகம் ரமண மகரிஷி என்கிறது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிற நமக்கு அவர் முகம் புதுசு இல்லை. கடை காலண்டரில் பார்த்துப் பழகிய முகம்தான். ஆனால் அவர் கதையை ஒரு சாமியார் கதையாக இல்லாமல், பயத்தைச் சந்தித்த ஒருத்தர் கதையாகப் படித்துப் பாருங்கள். பிளேஸ்மென்ட் சீசனில் ரொம்பவே உபயோகப்படும்.

1879 டிசம்பர் 30 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் திருச்சுழியில் பிறந்தார். அப்பா சுந்தரம் ஐயர் வக்கீலாக இருந்தவர். அம்மா அழகம்மாள். 1892-ல் அப்பா இறந்துபோக, குடும்பம் பிரிந்தது. அண்ணன் நாகசாமியும் இவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூலில் படிப்பு.

1896 ஜூலை. சித்தப்பா வீட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறார். காய்ச்சல் இல்லை, எந்த நோயும் இல்லை. திடீரென்று, செத்துவிடப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கீழே ஓடிப்போய் யாரையாவது கூப்பிடுவோம். இல்லையென்றால் போனை எடுத்து ரீல்ஸ் பார்த்து மறக்கப் பார்ப்போம். அவர் செய்தது வேறு. தரையில் பிணம் மாதிரி கை கால்களை விறைப்பாக நீட்டிப் படுத்தார். வாயை மூடினார், மூச்சை அடக்கினார். சரி, சாவு வந்துவிட்டது, எது சாகிறது? இந்த உடம்பைத் தூக்கிப்போய் எரித்துவிடுவார்கள். அதோடு நானும் முடிந்துவிடுவேனா? இப்படி உள்ளே பார்த்துக்கொண்டே போனார். உடம்பைத் தாண்டி நான் என்ற ஒன்று இருப்பதை நேரடியாக உணர்ந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்தப் பயம் அன்றோடு போனது.

இதை இன்றைய மனநல மருத்துவத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1960-களில் அமெரிக்காவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் சில எண்ணங்கள் தானாக ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனித்தார். நான் எதற்கும் லாயக்கில்லை, எனக்கு எதுவும் நடக்காது என்கிற மாதிரி எண்ணங்கள். எண்ணம் வந்ததுமே அதை உண்மை என்று நம்பிவிடுகிறோம். அதை நிறுத்தி, ஆதாரம் என்ன என்று கேட்கப் பழக்குவதுதான் அவர் உருவாக்கிய காக்னிடிவ் தெரபி. இந்த வகை சிகிச்சையில், திடீர் பீதி வருகிறவர்களுக்கு, அவர்கள் பயப்படும் உடல் உணர்வையே வேண்டுமென்று வரவழைத்துப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. மதுரை மாடியில் நடந்ததும் கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

ஒரு வித்தியாசம் இருக்கிறது. பெக் வழியில், இந்த எண்ணம் உண்மையா என்று கேட்கிறோம். ரமணர் வழியில், இந்த எண்ணம் யாருக்கு வருகிறது என்று கேட்கிறோம். 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அரசு அலுவலர் கேட்ட கேள்விகளுக்கு, பேசாமல் எழுதிக் காட்டியே பதில் சொன்னார். அதுதான் 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம். எல்லா உயிரும் துக்கம் இல்லாத சந்தோஷத்தைத் தேடுகிறது என்பதில்தான் அது தொடங்குகிறது.

மறுபடியும் 1896-க்கு வருவோம். ஆகஸ்ட் 29 அன்று இம்போசிஷன் எழுதிக்கொண்டிருந்தவர் நோட்டைத் தள்ளிவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது. பழைய அட்லஸ் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார். விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்குப் புது ரயில் பாதை வந்துவிட்டது என்று ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. இல்லையென்றால் திண்டிவனத்தில் இறங்கி, செஞ்சி வழியாக நம்ம கீழ்பென்னாத்தூர் ரோட்டிலேயே நடந்து வந்திருப்பாரோ என்னவோ! செப்டம்பர் 1 காலையில் திருவண்ணாமலை சேர்ந்தார். அதன்பின் 54 வருடம் இந்த ஊரைத் தாண்டவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிவிடாதீர்கள். 1898-ல் தேடி வந்த அம்மா எவ்வளவு அழுதும் அவர் திரும்பிப் போகவில்லை. அந்த அம்மாவின் வலியும் இந்தக் கதையில் உண்டு. 1916-ல் அவரே மலைக்கு வந்து மகனோடு தங்கினார். 1922-ல் அவர் உயிர் பிரியும்வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சமாதியைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய ரமணாசிரமம்.

வாழ்க்கைத் திருப்தியை அளக்க எட் டீனர் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1985-ல் ஒரு அளவுகோல் வெளியிட்டார்கள். ஐந்தே வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழுவரை மார்க். உங்கள் சம்பளம், வீடு, கார் பற்றி அதில் ஒரு கேள்வியும் கிடையாது. உங்கள் வாழ்க்கையை நீங்களே எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. கோவணமும் கமண்டலமும் மட்டும் வைத்திருந்த மனிதரின் நாள் எப்படிப் போனது தெரியுமா? விடியும் முன்பே எழுந்து அடுக்களையில் காய் நறுக்குவார். எல்லோருக்கும் பரிமாறாத எதையும் தன் இலையில் வைக்க விடமாட்டார். அணில், குரங்கு, மயில், லட்சுமி என்ற பசு, எல்லாம் அவருக்கு வீட்டு ஆட்கள். பெரியபுராணம் படித்தால் கண் கலங்குவார். 1924-ல் புகுந்த திருடர்கள் அவரைத் தொடையில் அடித்தபோதும் திருப்பி அடிக்க வேண்டாம் என்று மற்றவர்களைத் தடுத்தார்.

1949-ல் இடது கையில் புற்றுநோய்க் கட்டி வந்தது. நான்கு முறை ஆபரேஷன் நடந்தது. கையை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. மற்றபடி டாக்டர்களைத் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார். பதினாறு வயதில் எந்தச் சாவைக் கண்டு பயந்தாரோ, அது நிஜமாக வந்தபோது அவரிடம் பயம் இல்லை.

அடுத்த தடவை ஷார்ட்லிஸ்டில் உங்கள் பெயர் இல்லாதபோது, என் லைஃப் முடிஞ்சுது என்று மனசு சொல்லும். உடனே நம்பாதீர்கள். ஆதாரம் என்ன என்று ஒரு கேள்வி, யாருக்கு இந்த எண்ணம் வருகிறது என்று இன்னொரு கேள்வி. எண்ணம் வேறு, நீங்கள் வேறு என்று தெரிய அந்த இடைவெளி போதும். அதையும் மீறித் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கள் போனால் தனியாகச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். டாக்டரிடம் கையை நீட்டியவர்தான் ரமணரும். அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு ராத்திரியில்கூட போன் பண்ணலாம், தமிழிலேயே பேசலாம்.