அசோகர் நிறுவிய அமைதி

சந்திரகுப்த மௌரியரின் பேரரும் பிந்துசாரரின் குமாரருமான அசோகர், ஏறத்தாழ கி.மு. 268இல் முடிசூடி, எட்டாண்டுகளுக்குப் பின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் 1,00,000 பேர் மாண்டதையும், 1,50,000 பேர் நாடு பெயர்க்கப்பட்டதையும், அதற்காகத் தாம் வருந்துவதையும் அவரே கல்லில் பொறித்தார். அதன்பின் அவர் வேறு போர் தொடுத்ததாகச் சான்றில்லை. சாலைகளில் மரங்கள் நட்டார், கிணறுகள் தோண்டுவித்தார்.

ஆயினும் கலிங்கத்தை அவர் விடுவிக்கவில்லை. அந்நாட்டுத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அவ்வருத்தச் சாசனத்தைப் பொறிக்கவுமில்லை. குடிகளைக் காரணமின்றிச் சிறையிடலாகாது, வதைக்கலாகாது என்று அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். ஐந்தாண்டுக்கொருமுறை அதனைக் கண்காணிக்கவும் ஏற்பாடு செய்தார். காட்டில் வாழும் குடிகளுக்கோ தமது தண்டிக்கும் வல்லமையை நினைவூட்டினார். மரண தண்டனை நீடித்தது. மூன்று நாள் தவணை மட்டும் அளித்தார். இவற்றை நாம் மறைக்க வேண்டுவதில்லை, அவரே மறைக்கவில்லை.

குர்லா அன்பர்கள் தாதரில் வண்டி மாறிச் சென்றடையும் நாலாசோப்பாராவே அன்றைய சூர்ப்பாரகத் துறைமுகம். அங்கே 1882இல் அவரது எட்டாம் சாசனத்தின் துண்டும், அருகே பூய்காவில் 1956இல் ஒன்பதாம் சாசனத்தின் துண்டும் கிடைத்தன. அரசர்களின் வேட்டைப் பயணத்தை விடுத்து அவர் போதி மரத்தடிக்குச் சென்றதை எட்டாம் சாசனம் கூறும். ஒன்பதாவதோ, அடிமைகளையும் ஏவலாளரையும் முறையாக நடத்துவதைத் தம்மச் சடங்கில் சேர்க்கின்றது. அடிமைத்தனத்தை ஒழிக்கும் சொல் அதிலில்லை.

ஏறத்தாழ கி.மு. 232இல் அசோகர் மறைந்தார். ஐம்பதாண்டுகளுக்குள் மௌரியப் பேரரசும் மறைந்தது.