ரம்பம் நின்ன பிறகு என்ன ஆச்சு?

போன மாசம் எங்க கேங் புளியஞ்சோலை போயிருந்தோம். போகாதவங்களுக்குச் சொல்றேன், துறையூர் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்துல இருக்கு. மலையிலிருந்து ஐயாறு பாறை பாறையா இறங்கி வரும். டவர் கிடைக்காது. அதனால ஃபோனை உள்ள வச்சிட்டு எல்லாரும் மனுஷங்களா இருந்தோம்.

அங்க குளிக்க வந்த ஒரு குடும்பத்துல ஏழெட்டு வயசு பொண்ணு ஒருத்தி. எங்க ஃப்ரெண்ட் ஒருத்தன் அவகிட்ட பத்து ரூபா காசைக் காட்டி, கையை மூடித் திறந்தான். காசைக் காணோம். அடுத்து அவ காதுல இருந்து எடுக்கணும். அதுக்குள்ள வேன் டிரைவர் ஹாரன் அடிச்சிட்டார். இவன் அப்படியே ஓடி வந்து ஏறிட்டான். அந்தப் பொண்ணு தன் காதைத் தடவிப் பார்த்துக்கிட்டே நின்னா. வேன் கிளம்பின பிறகும் எங்களையே பார்த்துட்டு இருந்தா.

பாதியில நின்ன மேஜிக்தான் மனசை விட்டுப் போகாது. இதை வச்சே உலகத்தை ஜெயிச்ச ஒரு இந்தியர் இருந்தார். அவர்தான் பி.சி. சர்க்கார்.

1913 பிப்ரவரி 23 அன்று, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் டாங்காயில் பகுதியில், அஷேக்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். முழுப் பெயர் புரோதுல் சந்திர சர்க்கார். கணபதி சக்கரவர்த்தி என்ற வங்காள மேஜிக் கலைஞர்தான் குரு. 1930களில் கிளப், சர்க்கஸ், தியேட்டர் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் ஷோ நடத்தினார். வங்காளத்துக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

அப்போ அவர் என்ன செஞ்சார் தெரியுமா? உலகத்தின் மிகப் பெரிய மேஜிக் கலைஞர் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்து, அதை போஸ்டரில் போட்டுக்கிட்டார். ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதும் விதத்தையும் மாற்றினார். மந்திரவாதியைக் குறிக்கும் 'சார்சரர்' என்ற ஆங்கில வார்த்தை ஞாபகம் வர்ற மாதிரி எழுத்துகளைப் போட்டார். மேடையில் மகாராஜா உடை, தலைப்பாகை. ஷோவுக்குப் பெயர் இந்திரஜால்.

இது ஓவர் பில்டப் என்று நீங்க நினைக்கலாம். அன்றைக்கும் பலர் அப்படித்தான் நினைச்சாங்க. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. அந்தக் காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்க மேஜிக் கலைஞர்களில் எத்தனையோ பேர் இந்திய வேஷம் போட்டு, இந்திய மர்மம் என்று சொல்லிக் காசு பார்த்தாங்க. நிஜ இந்தியனுக்குத் தெரு ஓர வித்தைக்காரன் என்ற பெயர்தான். அவங்க மேடைக்கே போய் அந்த ராஜா வேஷத்தைத் திரும்ப வாங்கினவர் சர்க்கார்.

1950ல் சிகாகோவில் நடந்த மேஜிக் கலைஞர்கள் மாநாட்டுக்குப் போனார். கண்ணைக் கட்டிக்கிட்டு கரும்பலகையில் எழுதினதை வாசிக்கிறது அவருடைய ஸ்பெஷல். எல்லாரும் கைதட்டவில்லை, சந்தேகப்பட்டவங்களும் இருந்தாங்க. 1955ல், கலநாக் என்ற மேடைப் பெயர் கொண்ட ஜெர்மன் கலைஞர், தன் வித்தைகளை இவர் திருடிட்டதாகப் புகார் சொன்னார். வேறு கலைஞர்கள் பலர் சர்க்கார் பக்கம் நின்னாங்க.

அடுத்த வருஷம் லண்டன். டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் ஷோ. விளம்பரம் தேவைப்பட்ட நேரம். 1956 ஏப்ரல் 9 இரவு, பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் நேரலையில் தோன்றினார். 17 வயது உதவியாளர் தீப்தி டேயை மேஜையில் படுக்க வைத்தார். சுழலும் ரம்பம் அவர் உடம்பின் குறுக்கே இறங்கியது. ரம்பம் நின்ன பிறகு, அந்தப் பெண்ணின் கையைத் தேய்த்து எழுப்பப் பார்த்தார். அசைவு இல்லை. தலையை ஆட்டிவிட்டு, முகத்தைத் துணியால் மூடினார். உடனே தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமரா முன்னாடி வந்து நிகழ்ச்சியை முடிச்சிட்டார்.

நீங்க அந்த வீட்டு சோஃபாவில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நினைச்சுப் பாருங்க. ரீவைண்ட் கிடையாது. நடைமுறைக்கு வந்த முதல் வீடியோ டேப் ரெக்கார்டரை ஆம்பெக்ஸ் கம்பெனி சிகாகோவில் வெளியே காட்டினதே அதுக்கு ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 14ல்தான். கண்ணெதிரே கொலை நடந்துட்டதாக நினைத்து நூற்றுக்கணக்கானவர்கள் பிபிசிக்கு ஃபோன் போட்டாங்க. தீப்திக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் பேப்பர் எல்லாம் இதே செய்தி. லண்டன் ஷோ டிக்கெட் தீர்ந்து போச்சு.

நேரம் முடிந்துவிட்டது என்பதுதான் அதிகாரப்பூர்வ விளக்கம். ஆனா சர்க்கார் நொடி பிசகாமல் ஷோ நடத்துறவர். அதனால வேணும்னே செஞ்சார் என்று நம்புறவங்க அதிகம். நானும் அந்தக் கட்சிதான். இந்தியாவில் டிவி ஒளிபரப்பே 1959ல்தான் டெல்லியில் ஆரம்பிச்சது, சென்னைக்கு 1975ல்தான் வந்தது. டிவியே இல்லாத ஊர்க்காரர், டிவியின் பலவீனம் எது என்று அதை நடத்தினவங்களை விட நல்லாப் புரிஞ்சு வச்சிருந்தார்.

1964ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஓயவில்லை. பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் ஜப்பான் போனார். ஹொக்கைடோவில் ஷோ முடித்த பிறகு, 1971 ஜனவரி 6 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 57. மகன் பிரதீப் சந்திர சர்க்கார், பி.சி. சர்க்கார் ஜூனியர் என்ற பெயரில் இந்திரஜாலைத் தொடர்ந்தார். 2010ல் இந்தியா சர்க்காருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, இது பிளேஸ்மென்ட் சீசன். என் ரெஸ்யூமில் பைத்தானில் எக்ஸ்பர்ட் என்று போட்டிருக்கேன். ஒரு இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கிட்டு, கை நடுங்க வெளியே வந்தேன். சர்க்கார் கதையைப் படிச்ச முதல் நாள், அவரும் என்னை மாதிரிதானே என்று ஆறுதலா இருந்தது. இரண்டாவது நாள் அந்த ஆறுதல் போச்சு. அவர் பட்டத்தை முதலில் போட்டுக்கிட்டார், உண்மைதான். ஆனா அடுத்த முப்பது வருஷம் ஒவ்வொரு ராத்திரியும் அந்தப் பட்டத்துக்குக் கணக்குக் காட்டினார். நான் போட்டதோட சரி.

எக்ஸ்பர்ட்டை இன்னும் அழிக்கலை. மே மாசம் வரைக்கும் எனக்கு நானே டைம் கொடுத்திருக்கேன். அதுக்குள்ள உண்மையாக்கணும், இல்லைன்னா அழிச்சிடணும்.

அப்புறம் அந்தப் பத்து ரூபா. துறையூர் டீக்கடையில் இறங்கினப்போ, ஃப்ரெண்டோட சட்டைக் கைமடிப்பில் இருந்து விழுந்தது. அந்தப் பொண்ணு இன்னும் காதைத் தடவிக்கிட்டுதான் இருப்பா.