கருவிகளைச் சரிபார்த்த அன்னா மணி



விஞ்ஞானின்னா புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்கிறவர்னுதான் நாம நினைக்கிறோம். கருவி சரியாகக் காட்டுதா என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு விஞ்ஞானியைப் பற்றி நான் எழுதுகிறேன். அவர்தான் அன்னா மணி.

1918 ஆகஸ்டு 23-ல் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுத்தார்கள். அது வேண்டாம், கலைக்களஞ்சியம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்! காந்தியடிகள் மேல் பற்று வைத்துக் கதர் உடுத்தினார்.

1939-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். வைரத்தின் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்க 15 முதல் 20 மணி நேரம் ஆகும். பல ராத்திரி ஆய்வுக்கூடத்திலேயே தூங்கினார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஆனாலும் எம்.எஸ்சி. படிக்கவில்லை என்று சொல்லி அவருக்கு டாக்டர் பட்டம் தரவில்லை. அதோடு அவர் நின்றுவிடவில்லை. 1945-ல் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்தார். 1948-ல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

அப்போது சாதாரண வானிலைக் கருவிகூட வெளிநாட்டிலிருந்துதான் வரணும். அன்னா மணி ஏறக்குறைய 100 வகைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து இங்கேயே செய்ய வைத்தார். செய்தது மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் சரியான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். கடைத் தராசுக்கு முத்திரை போடுகிறார்களே, அதே மாதிரிதான். தப்பா அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை.

2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நம் மாவட்டத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. மழைமானி குறைச்சலாகக் காட்டியிருந்தால் ஏரிக்கரையில் இருப்பவர்கள் கதி என்ன? யோசிச்சுப் பாருங்க.

காற்றில் உள்ள தூசையும் அவர் விடவில்லை. தூசு கூடினால் தரைக்கு வரும் வெயில் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்று அளந்து, இந்திய வானத்தின் கலங்கலைக் கணக்கிட்டு, 1969-ல் இரண்டு பேரோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்டார். இப்போது தூசுத் துகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியே இருக்கிறது. அது காற்றை உள்ளே இழுத்து லேசர் ஒளி வழியே விடும். துகள் ஒளியைச் சிதறடிக்கும். அந்த மினுக்கை எண்ணிக் கணக்குச் சொல்லும். அதற்கும் பராமரிப்பு உண்டு. வடிகட்டிய சுத்தமான காற்றைக் கொடுத்தால் பூஜ்யம் காட்டணும். இழுக்கும் காற்றின் அளவு மாறக்கூடாது. அளவு தெரிந்த நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை அனுப்பி, சரியாகச் சொல்லுதா என்று பார்க்கணும். இல்லாவிட்டால் கருவியில் ஒட்டிய அழுக்கே காற்றின் அழுக்காகக் கணக்கில் வந்துவிடும்!

1963-ல் விக்ரம் சாராபாய் கேட்டதற்காகத் தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வகம் அமைத்துக் கொடுத்தார். 1976-ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். அதன் பிறகும் சூரிய ஒளி, காற்றாலைக்கான அளவீடுகளைத் தொடர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 2001 ஆகஸ்டு 16-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

டாக்டர் பட்டம் கிடைக்காதவர் அளந்து கொடுத்த கணக்கை நாடே நம்பியது. நண்பர்களே, இனி நம்ம லேபில் தராசைத் தொடும் முன் முள் பூஜ்யத்தில் நிக்குதா என்று ஒரு தடவை பாருங்க. அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

— 10-ஆம் வகுப்பு மாணவி, கெடார்