மடைத்தொழில் வல்லார் அலெக்ஸிஸ் ஸோயர்

மடையன் என்னுஞ் சொல் பண்டைத் தமிழில் சமையற்றொழில் வல்லானைக் குறித்தது. மடை என்பது சோறு; அதனை ஆக்குவோன் மடையன்; அத்தொழிலைக் கூறும் நூல் மடைநூல். அறிவிலியைச் சுட்டும் மடையன் என்பது மடம் என்னும் வேறு சொல்லின் வழித்து என்பர். ஆயினும் இரண்டும் ஓருருவாய் நிற்றலின், இன்று சமையலாளர் ஒருவரை அப்பெயரால் விளித்தால் அவர் கையிலுள்ள அகப்பை நம் தலைமேல் விழும். அடுக்களையில் நின்றான் ஒருவன் வரலாறு எழுதத் தக்கதோ என ஐயுறும் நேயர் சிலர் இருத்தல் கூடும். அன்னார் பொருட்டே அலெக்ஸிஸ் ஸோயர் என்பாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

ஸோயர் பிரான்சு நாட்டில், பாரிஸ் மாநகர்க்குக் கிழக்கேயுள்ள மோ என்னும் ஊரில், 1810ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே சமையற்றொழில் பயின்று, இருபதாம் அகவையில் பிரான்சு முதலமைச்சராயிருந்த பொலிஞாக் கோமகனின் அடுக்களையில் பணியேற்றார். அவ்வாண்டு, அஃதாவது 1830இல், ஜூலைப் புரட்சி மூண்டது. அமைச்சர் வீழ்ந்தார், அவர் அடுக்களையும் வீழ்ந்தது. மறு ஆண்டு ஸோயர் கடல் கடந்து, தம் தமையன் பணியாற்றிய இலண்டன் மாநகரை அடைந்தார். பிரபுக்கள் சிலர் இல்லங்களில் உழைத்தபின், 1837இல் ரிபார்ம் கிளப் என்னும் அரசியற் கழகத்தின் தலைமைச் சமையலாளர் ஆயினார். விக்டோரியா அரசியார் முடிசூடிய 1838ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாட்காலையில் அக்கழகத்தில் 2,000 விருந்தினர்க்கு அவர் உணவு சமைத்தளித்தார்.

அக்கழகத்திற்குப் புதிய மாளிகை எழுந்தபோது, அதன் அடுக்களையைச் சிற்பி சார்லஸ் பாரியுடன் கூடி ஸோயரே வகுத்தார். விறகும் கரியும் புகையுமாய் இருந்த அக்காலத்தில் அவர் வாயுவினால் எரியும் அடுப்புகளை அமைத்தார். வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் தக்க உலைகளையும், தண்ணீரோட்டத்தாற் குளிரும் பேழைகளையும் வைத்தார். அடுக்களையைக் காணவே மக்கள் திரண்டு வந்தனர். ஸோயரும் அதனைப் பெரிதும் விரும்பினார். ஆடையைக் கோணலாய்த் தைப்பித்து அணிவதும், தொப்பியைச் சரித்து வைப்பதும், நாளிதழ்களில் தம் பெயர் வரக் காண்பதும் அவர்க்கு உவப்பானவை. தற்பெருமை மிக்கவர் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனை மறைத்ததுமில்லை.

அவர் மனைவியார் எம்மா ஜோன்ஸ், பெயர் பெற்ற ஓவியர். 1842இல் கணவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் அவ்வம்மையார் பேறுகாலத்தில் உயிர் நீத்தார். ஸோயர் மறுமணஞ் செய்துகொள்ளவில்லை. மனைவியாரின் ஓவியங்களை 1848இல் காட்சிக்கு வைத்து, கிடைத்த பொருளை ஏழைகட்கு உணவளிக்கச் செலவிட்டார் என்பதை மட்டும் குறித்து மேற்செல்கின்றோம்.

இனி அயர்லாந்து. 1845ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் உருளைக்கிழங்குப் பயிரைக் கொடுநோய் பற்றியது. ஏழை உழவர்க்கு அக்கிழங்கே காலையுணவும் மாலையுணவும். அடுத்த ஆண்டு விளைவு ஏறத்தாழ முற்றும் அழுகிற்று. பசியும் காய்ச்சலும் சேர்ந்து சில ஆண்டுகளிற் பத்து இலட்சம் உயிர்களைக் கொண்டன. அதே காலத்தில் அந்நாட்டுத் துறைமுகங்களினின்றும் தானியமும் கால்நடையும் கப்பலேறிச் சென்றவண்ணம் இருந்தன. சாலை போடுவித்துக் கூலி கொடுத்துப் பார்த்த அரசினர், எலும்புந் தோலுமானவர் சாலை போட இயலாரென்பதைக் காலந்தாழ்த்தே உணர்ந்து, 1847இல் கஞ்சித்தொட்டிகளைத் திறக்கச் சட்டஞ் செய்தனர். அப்பணிக்கு முன்மாதிரி ஒன்று அமைத்துத் தருமாறு ஸோயரை டப்ளின் நகர்க்கு அழைத்தனர்.

அவர் அங்குப் படைவீரர் குடியிருப்பின் எதிரே பலகையாலும் துணியாலும் பெரியதொரு கொட்டகை எழுப்பினார். நடுவே 300 காலன் கொள்ளும் கொதிகலம். நீண்ட மேசைகளிற் பதித்த நூறு கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் சங்கிலியாற் பிணித்த கரண்டி. மணியடித்தால் நூறு பேர் உட்புகுவர், சில நிமிடங்களில் உண்பர், மறுமணி அடித்ததும் ஒருவாயிலால் வெளியேறும்போது ரொட்டித்துண்டு ஒன்று பெறுவர், கிண்ணங்கள் துடைக்கப்படும், அடுத்த நூற்றுவர் புகுவர். இவ்வாறு நாளொன்றுக்கு 8,000க்கு மேற்பட்டோர் உண்டனர். அமுதசுரபி கையிலில்லாதவன், கணக்கினாலும் இரும்பினாலும் அதற்கு ஈடு தேடினான் என்றே யாம் இதனைக் கருதுகின்றோம்.

ஆனால் கொட்டகை திறக்கப்பட்ட ஏப்ரல் 5ஆம் நாள் நிகழ்ந்ததையும் கூறல் வேண்டும். கொடிகள் பறந்தன, வாத்தியங்கள் முழங்கின, சீமாட்டிகளும் சீமான்களும் ஐந்து ஷில்லிங் கொடுத்து உள்ளே வந்து, பசித்தோர் உண்பதை வேடிக்கை பார்த்தனர். அப்பணம் ஏழைகட்கே சென்றதென்பது உண்மை. எனினும் சங்கிலிக் கரண்டியைப் பற்றிய கையுடையான் ஒருவன் நிமிர்ந்து பார்த்தபோது, பட்டாடை உடுத்தோர் கண்கள் தன்மேல் நிற்பதைக் கண்டிருப்பானல்லவா? டப்ளின் நாளிதழ்கள் இதனைக் கடிந்தன. யாமும் கடிகின்றோம்.

அதனினும் பெரிய குற்றச்சாட்டு உணவைப் பற்றியது. அவர் வெளியிட்ட முறையொன்றில் இரண்டு காலன் நீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி. அதனோடு சிறிது கொழுப்பு, வெங்காயம், மாவு, வாற்கோதுமை, உப்பு. ஒன்பது லிட்டர் நீரில் ஒரு கைப்பிடி இறைச்சி! விடுதியில் இரசம் நீர்த்ததென ஒரு வேளை முணுமுணுக்கும் எமக்கு இவ்வளவைப் படித்தபோது நாணம் உண்டாயிற்று. ஒரு வேளை இதனை உண்டு சிறிது ரொட்டியுந் தின்றால் உடல் நிற்குமென ஸோயர் வாதித்தார். நில்லாதென மருத்துவர் மறுத்தனர். லான்செட் என்னும் மருத்துவ இதழும் மறுத்தது. அறிவியல் நோக்கில் மருத்துவர் கட்சியே வலிது. சுவையிற் கைதேர்ந்தவர், சுவை வேறு சத்து வேறு என்பதை உணரவில்லை.

ஆயினும் மறுபுறமும் நோக்குவோம். மலிவாயிருத்தல் வேண்டுமென விதித்தவர் அரசினர். ஸோயர் அவ்வெல்லைக்குள் நின்று சமைத்தார். அவ்வாண்டு ஜூலையில் அயர்லாந்து முழுவதும் நாடோறும் 30 இலட்சம் பேர் கஞ்சித்தொட்டிகளில் உணவு பெற்றனர். பெருங்கூட்டத்திற்கு விரைந்து உணவளிக்கலாம் என்பது அக்கோடையில் மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பித்த கையோடு, இலையுதிர்காலத்தில் அரசினர் அத்தொட்டிகளை மூடிவிட்டனர். பஞ்சமோ மூடப்படவில்லை. நீர்த்த கஞ்சியைக் கொடுத்தவன் மேலுள்ள பழியினும், அதனையும் நிறுத்தியவர் மேலுள்ள பழி பெரிதென்பது எம் துணிபு.

1850இல் ஸோயர் கழகப் பணியை விடுத்தார். மறு ஆண்டு இலண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அதன் அருகே கோர் ஹவுஸ் என்னும் மாளிகையை வாடகைக்குக் கொண்டு, எல்லா நாட்டார்க்கும் உணவளிக்கும் பேருண்டிச்சாலை ஒன்றைத் திறந்தார். அறைதோறும் ஒவ்வொரு நாட்டின் கோலம், தோட்டமெங்கும் விளக்கு. மக்கள் வந்தனர், பணமும் வந்தது, வந்ததனினும் மிகுதியாகச் சென்றது. சில திங்களில் 7,000 பவுன் இழப்புடன் கதவடைத்தார். அவ்விடத்திலேதான் பின்னாளில் ராயல் ஆல்பர்ட் மண்டபம் எழுந்தது. இழந்த பொருளை நூலெழுதி ஈடு செய்ய முயன்றார். 1854இல் ஏழைக் குடும்பங்களுக்காக அவர் ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்ட சமையல் நூல் பெருந்தொகையாய் விற்றது.

அப்போது கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. வீரர்கள் குண்டினாற் சாவதினும் நோயினாற் சாவது மிகுதி என்னுஞ் செய்தி 1855 தொடக்கத்தில் இலண்டனைக் கலக்கியது. ஸோயர் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதி, தம் செலவிலேயே அங்குச் செல்ல இசைந்தார். அம்முறை அவர்க்காக எவரும் கொடி பறக்கவிடவில்லை.

ஸ்குட்டாரி மருத்துவமனையில் அவர் கண்டது இது: ஒவ்வொரு குழுவினரும் தத்தம் இறைச்சியை இறுக்கிக் கட்டி, அடையாளத்திற்குக் கந்தலோ ஆணியோ செருகிப் பொதுக் கொப்பரையில் இடுவர். வெளிப்புறம் வேகும், உட்புறம் பச்சையாய் நிற்கும், வெந்த நீரைக் கீழே கொட்டுவர். அந்நீரே நோயாளிக்கு உயிர் என்பதை ஸோயர் காட்டினார். கட்டைத் தளர்த்தச் செய்தார், சாற்றைக் கஞ்சியாக்கினார், வீரர் சிலரைச் சமையலுக்கெனவே பயிற்றினார். புதிய பொருள் ஏதும் அவர் கேட்கவில்லை. கொடுத்த அளவிலேயே நல்லுணவு ஆக்கினார். டப்ளினில் பிழைபட்ட கை இங்குப் பிழைபடவில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், எளிதிற் புகழுரை வழங்காதவர், இவரைத் துணையாக ஏற்றுக்கொண்டார்.

போர்க்களத்திற்கென அவர் இயற்றிய அடுப்பு, மூடிய உருளை வடிவினது. எவ்விறகாயினும் எரியும், சிறிதே போதும், மழையிலும் காற்றிலும் அணையாது, நெருப்பொளி வெளியே தோன்றாமையால் பகைவர் இரவிற் குறிவைக்கவும் இயலாது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, இரண்டு உலகப்போர்களிலும், ஆங்கிலப் படைகள் அவ்வடுப்பைப் பயன்படுத்தின.

கிரிமியாவிற் பற்றிய காய்ச்சல் அவர் உடலைத் தளர்த்திவிட்டது. 1857இல் இலண்டன் திரும்பியும் ஓய்ந்திலர். மறு ஆண்டு மார்ச்சில் படைத்துறையினர்முன் சமையலைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். வெலிங்டன் படைக்குடியிருப்பிற்குப் புதிய அடுக்களை வகுத்தார். அது ஜூலை இறுதியில் திறக்கப்பட்டது. ஆகஸ்டு 5ஆம் நாள், 48ஆம் அகவையில், ஸோயர் காலமானார். கென்ஸல் கிரீன் இடுகாட்டில், எம்மாவுக்கென அவர் முன்னரே எழுப்பியிருந்த கற்சிலையின் கீழ், அவரையும் அடக்கஞ் செய்தனர்.